கல் முகத்தில் குணம் தேடாதீர்கள்

பல ஆண்டுகளுக்கு முன் கூடங்குளத்திலிருந்து வேன் பிடித்து ஊர்க்காரர்கள் மதுரைக்குப் போனோம். புதுமண்டபத்துக்குள் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். திருமலை நாயக்கர் சிலை முன் நின்று வழிகாட்டி ஒருவர் சொன்னார்: "கைதான் கும்பிடுது, அந்த முட்டைக்கண்ணுல எவ்வளவு கர்வம் பாருங்க!" எங்கள் ஆட்களும் தலையாட்டினார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதே மண்டபத்தில் அவருக்கு முந்திய நாயக்கர்களும் நிற்கிறார்கள். திருமலை மன்னர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. வம்சத்தைத் தொடங்கிய விசுவநாதரோ அதற்கு முந்திய நூற்றாண்டுக்காரர். மண்டபத்துச் சிற்பி அவரைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் அவருக்கும் கும்பிட்ட கை, அகன்ற கண். அப்படியென்றால் அது சிற்பிகளின் வழக்கம். ஒரு மனிதரின் மனசு அல்ல.

"சிற்பிக்கு உணர்ச்சியைச் செதுக்கத் தெரியாதா அண்ணாச்சி?" என்பார்கள். தெரியும். நம் கிருஷ்ணாபுரம் கோயில் தூண்களைப் பாருங்கள். ஆனால் வீரபத்திரருக்குக் கோபம் கதையிலேயே இருக்கிறது. கும்பிட்டு நிற்கும் மன்னருக்குக் கதையை நாம்தான் கட்டிவிடுகிறோம்.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வொல்தேர் சிலையின் படத்தைக் காட்டி, உலகத்தையே கேலி செய்யும் சிரிப்பு என்றார் வாத்தியார். ஊதோன் என்ற சிற்பிக்கு வொல்தேர் முகம் காட்டி உட்கார்ந்தது 1778-இல். வயது 83, வாயில் பல் இல்லை. அந்த மே மாதமே இறந்துபோனார். பல் போனால் உதடு உள்ளே மடியத்தானே செய்யும்? அவர் கேலிக்காரர்தான். அதற்குச் சாட்சி அவர் எழுத்து, உதடு அல்ல.

இப்போது எனக்கும் பல் இல்லை. பல் செட் வலிக்கிறதென்று கழற்றி வைத்திருந்தேன். "தாத்தா ஏன் நக்கலாச் சிரிக்காரு?" என்று பேரன் கேட்டுவிட்டான். அன்று குழம்பில் உப்புக் கூடியிருந்தது. மருமகள் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உயிரோடு இருப்பதால் நான் விளக்கம் சொல்லித் தப்பித்தேன். நாயக்கரால் முடியுமா? அவரைத் திட்ட வேண்டுமானால் அவர் ஆட்சியில் நடந்ததைப் படித்துத் திட்டுங்கள். கண் பெரிதாக இருக்கிறதென்று திட்டாதீர்கள்.