மரம் ஏற மிஷின் வந்துருச்சே!

"மிஷின் வந்துருச்சே, இன்னும் எதுக்குங்க ஆளைக் கயிறு மாட்டி மரத்துல ஏத்துறீங்க?" தென்னந்தோப்பைப் பார்க்க வர்ற நகரத்து நண்பர்கள் தவறாம கேட்கிற கேள்வி இது. மிஷின்லயும் ஆள்தான் ஏறணும். அதுவும் கயிறுதான், நாருக்குப் பதிலா இரும்புக் கம்பி, அவ்வளவுதான்.

பழைய முறை தளை. ரெண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டுற நார் வளையம். கால் மரத்தைக் கவ்வும், கையால அணைச்சுக்கிட்டு உந்தி உந்தி ஏறணும். வளைஞ்ச மரமோ பருத்த மரமோ, கை தேர்ந்தவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மிஷின்ல பேர் வாங்கினது கேரளாவுல, கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப்ங்கிற விவசாயி செஞ்சது. காலுக்கு ஒண்ணா ரெண்டு சட்டம், மாடிப்படி மாதிரி மாத்தி மாத்தி ஏறலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்கார்ந்து ஏறுற மாதிரி ஒண்ணு கொடுத்தாங்க. புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதெல்லாம் வரம்தான். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல தொடங்கின பயிற்சியில பெண்களும் மிஷின்ல ஏறக் கத்துக்கிட்டாங்க. ஆனா மரத்துக்கு மரம் கழட்டி மாட்டணும். வளைஞ்ச மரத்துல அது பெரிய ரோதனை.

கீழ நின்னு தொரட்டியால பறிச்சா என்னன்னு கேட்கலாம். காய் விழும், சரி. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைச்சிருந்தா கம்பி விட்டு எடுக்க மேல போய்த்தானே ஆகணும்? சிலர் ஏறச் சுலபமா இருக்கட்டும்னு மரத்துல படி வெட்டுவாங்க. அதை மட்டும் நான் விடவே மாட்டேன். அந்தக் காயம் சிவப்புக் கூன்வண்டுக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைப்பு விடுற மாதிரி.

தளையா மிஷினாங்கிறதை ஏறுறவரே முடிவு பண்ணட்டும். நான் பார்க்கிறது ஒண்ணுதான்: கால் நழுவினா தாங்க இடுப்புல ரெண்டாவது கயிறு இருக்கா? மழையில தண்டு வழுக்கும். பழுத்த மட்டையைப் பிடிச்சா கையோட வந்துரும். கொண்டையில குளவி கூடு கட்டியிருந்தா ரெண்டு கையையும் தானா விட்டுருவோம்.

எங்க தோப்புக்கு வர்ற அண்ணன், "கயிறு போட்டா வேகம் போயிரும் தம்பி"ன்னார். பயந்து சொன்ன சாக்கு இல்லை அது, கணக்கு. மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி பேசினா, கயித்தை நகர்த்தி நகர்த்தி ஏறுற நேரம் அவர் வயித்துல அடிக்கும். அறுபது மரம் ஏறுறவர் நாற்பதோட இறங்கினா, மிச்ச இருபது மரத்துக் கூலியை யார் தர்றது? தோப்புக்காரன்தான் தரணும். பெல்ட் வாங்கிக் கொடுத்துட்டு மரக் கணக்குலயே கூலி கொடுத்தா, அந்த பெல்ட் சாளையில ஆணியிலதான் தொங்கும்.

அதனால நாங்க நாள் கூலிக்கு மாறிட்டோம். வாரியத்தோட 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடும் மரம் ஏறுறவங்களுக்குன்னே இருக்கு. அதையும் அவர் தலையில கட்டாம நாமளே எடுத்துக் கொடுக்கலாம். செலவு கூடுதா? கூடுதுங்க. கடையில தேங்காய் விலையைக் கேட்டு முகம் சுளிக்கும்போது இந்தக் கணக்கும் அதுல இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க.

நாற்பத்தஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு. அடுத்தது ஐப்பசி மழையில வருது. அதுக்குள்ள பெல்ட்டோட கொக்கியை மாத்தணும், துரு ஏறிக் கிடக்கு.