முதலில் பிரேக், பிறகுதான் ஸ்டியரிங்

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. நீளச் சாலையில் 2024-ல் இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. இருங்காட்டுக்கோட்டையும் கோவை கரி ஸ்பீட்வேயும் உள்ள மாநிலத்தில் இந்த ஆசை புதிதல்ல. ஆனால் டயருக்கும் பெட்ரோலுக்கும் மெக்கானிக்குக்கும் செலவழித்து நிஜப் பந்தயக் காரில் ஏற எல்லோராலும் முடியாது. அதனால்தான் ஸ்டியரிங், பெடல், இருக்கை, திரை எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் பூட்டி வீட்டு அறையிலேயே ஓட்டும் ‘சிம் ரேசிங் காக்பிட்’ பக்கம் இளைஞர்கள் திரும்புகிறார்கள். இது நல்ல ஆசை. ஆனால் கடைக்குப் போனதும் கண் முதலில் ஸ்டியரிங் மீதும் அடுத்துத் திரை மீதும் விழுகிறது. பெடலும் சட்டமும் கடைசியில், மிச்சக் காசில் வாங்கப்படுகின்றன. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிய கணக்கு. சாலையின் உணர்வைக் கைக்குத் தரும் மோட்டார் பற்சக்கரங்கள் வழியாகச் சுழற்றும் லாஜிடெக் ஜி29 போன்ற ஆரம்பநிலை ஸ்டியரிங்கின் முறுக்குவிசை 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டியரிங்கைப் பொருத்தும் ‘டைரக்ட் டிரைவ்’ வகையில் ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர் தருகிறது. பெரிய பவர் சப்ளை போட்டால் 8. அந்த எட்டையே எடுத்துக்கொள்வோம். 30 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் அது ஏறக்குறைய ஐந்தரை கிலோ இழுவிசை. இப்போது காலுக்கு வாருங்கள். பந்தயக் காரைப் போல அழுத்தும்படி அமைத்த பிரேக் பெடலை முழுதாக மிதிக்க 50, 60 கிலோ விசை தேவைப்படும். அதாவது காக்பிட்டிலேயே பெரிய விசை நம் வலது அல்லது இடது காலிலிருந்து வருகிறது. மோட்டாரைவிட அது பத்து மடங்கு.

அந்த 60 கிலோவும் எங்கேயாவது போயாக வேண்டும். பெடலை முன்னால் தள்ளும் அதே அளவு விசை முதுகை நாற்காலிக்குள் தள்ளுகிறது. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியாக இருந்தால் அது பின்னால் உருளும். சக்கரத்தைக் கயிற்றால் கட்டினால் சாய்மானம் வளையும். பெடல் தகடு தரையில் வழுக்கிச் சுவரில் போய் முட்டும். மெல்லிய குழாயில் செய்த ஸ்டாண்டாக இருந்தால் பெடல் பலகை அரை அங்குலம் முன்னே போய் மீண்டும் வரும். ஓட்டுகிறவருக்கு எவ்வளவு மிதித்தோம் என்பதே தெரியாது. பெடல் அசைந்ததா, சட்டம் வளைந்ததா, நாற்காலி நகர்ந்ததா? மூன்றும் கலந்த ஒரு குழப்பத்தைத்தான் கால் கற்றுக்கொள்கிறது. எட்டு நியூட்டன் மீட்டர் மோட்டாரை மேசையில் கவ்வி வைத்தாலும் இதே கதை: மோட்டார் சொல்லும் நுட்பமான செய்தியில் பாதியை ஆடுகிற மேசையே விழுங்கிவிடும்.

மலிவான பெடல்கள் எவ்வளவு தூரம் நகர்ந்தன என்பதை அளக்கின்றன. ‘லோட் செல்’ வைத்த பெடல் எவ்வளவு விசையில் மிதித்தோம் என்பதை அளக்கிறது. மளிகைக் கடை மின்னணுத் தராசுக்குள் இருப்பதும் லோட் செல்தான்: உலோகத் துண்டு மயிரிழை வளைய, அதில் ஒட்டிய கம்பியின் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றம் எடையாகிறது. நிஜக் காரிலும் பிரேக் விசையால்தான் வேலை செய்கிறது. தூரத்தைவிட விசையை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்பத் தருவது காலுக்குச் சுலபம். வீட்டில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. நிஜக் காரில் பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே தள்ளப்படுவதை வைத்தே ஓட்டுநர் வேகக் குறைவை உணர்வார். வீட்டுக் காக்பிட்டில் அந்த உணர்வு கிடையாது. பாதத்தில் உணரும் எதிர்ப்புதான் உண்டு. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் 55 மீட்டர் ஓடுகிறது. பிரேக் பிடிப்பதில் பத்தில் ஒரு நொடி தடுமாறினால் ஐந்தரை மீட்டர் போய்விடும். அந்த வளைவு அங்கேயே கைவிட்டுப் போகும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சாதாரண ஸ்டியரிங்கை மேசையில் மாட்டி, அசுர வேகத்தில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். கணினியில் பந்தயம் பழகிப் பிறகு நிஜக் காருக்கு வந்த வில்லியம் பைரன், நாஸ்காரின் டேடோனா 500 பந்தயத்தை 2024, 2025 என அடுத்தடுத்து வென்றார். வீடியோ கேம் போட்டி வழியாக 2011-ல் தேர்வான யான் மார்டன்பரோ, 2013-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார். பழகிய ஓட்டுநர் எளிய கருவியிலும் வேகமாக ஓட்டுவார். ஆனால் இந்த வாதம் என் பக்கம்தான் சேருகிறது: மோட்டாரின் வலிமை வேகத்தைத் தருவதில்லை என்றால், அதற்காக முதல் பணத்தை ஏன் கொட்ட வேண்டும்? இரண்டாம்கை ஜி29 ஒன்றோடு இரண்டு வருடம் ஓட்டலாம். ஸ்டியரிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒழுங்கான சட்டமோ அதற்குப் பின் வரும் நாலு ஸ்டியரிங்குகளையும் தாங்கும்.

‘இறக்குமதிக் காக்பிட் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது’ என்பது அடுத்த மறுப்பு. அதைத்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? காக்பிட்டுக்குப் பயன்படும் பள்ளம் வைத்த அலுமினியப் புரொஃபைல், அம்பத்தூரிலும் கோவையிலும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் கன்வேயர்களுக்கும் சட்டம் கட்டும் அதே பொருள்தான். அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். நீளவாட்டுத் தண்டுகளுக்கும் ஸ்டியரிங் தூண்களுக்கும் 40-க்கு 80 மில்லிமீட்டர், குறுக்குச் சட்டங்களுக்கு 40-க்கு 40 போதும். இருக்கைக்குச் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய கார் சீட்டை வாங்குமுன் சாய்வு லாக் ஆடுகிறதா என்று உலுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்யலாம். ஒரே குறை, பற்றவைத்த சட்டத்தில் பின்னால் உயரத்தையும் தூரத்தையும் மாற்ற முடியாது. இடம் இல்லாதவர்கள் மடக்கு வகையை நாடுவது புரிகிறது. அதிலும் இருக்கையும் பெடலும் ஒரே சட்டத்தில் இணைந்த வகையாகப் பார்த்து வாங்கினால் காலின் விசை சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

பூட்டுவதில் அவசரம் கூடாது. எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, அடிச்சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, இரண்டும் சமமானபின் முறுக்க வேண்டும். முதலில் இருக்கை, அடுத்து பெடல், பிறகு ஸ்டியரிங். பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். நேராக விறைத்தால் தூரம் அதிகம். திரை கடைசி. 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ. அது கண்ணிலிருந்து 120 செ.மீ. தள்ளி இருந்தால் 28 டிகிரிப் பார்வைதான் கிடைக்கும், 60 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 53 டிகிரி. ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே திரையைக் கொண்டுவருவதற்குக் காசு செலவில்லை. பெரிய திரை வாங்குமுன் அதைச் செய்து பாருங்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன் இன்றிரவே ஒரு சோதனை செய்யலாம். காக்பிட்டுக்கு என்று மனதில் வைத்திருக்கும் நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்காருங்கள். பாதத்தைச் சுவரில் ஊன்றி, முழு பலத்தோடு மிதியுங்கள். நாற்காலி நகர்ந்தால், உங்கள் முதல் செலவு அதற்குத்தான்.