விதியா, வீதியா?

"சாலையோரத்தில் வீடு வாய்த்துவிட்டது; இரைச்சலைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும்; எல்லாம் தலைவிதி" என்று நம் தொழிலாள மக்கள் பெருமூச்செறிவதைக் கேட்குந்தோறும் நமக்கு இரக்கத்தினும் சினமே மிகுகின்றது. யார் எழுதிய விதி இது? பிரமன் எழுதினானா, மனை வரைபடம் தீட்டிய கனவான் எழுதினாரா?

தோட்டத்தில் வாழ்ந்தோர் நன்கு அறிந்த செய்தியொன்று உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு அடிக்கும் மணி அடுத்த டிவிஷன் வரை கணீரென்று கேட்கும். அதே மணியை நண்பகலில் அடித்தால் பாதித் தொலைவும் எட்டாது. நள்ளிரவில் எங்கோ எழுந்த ஓசை காதருகே கேட்டதும், முனி நடமாட்டமென்று கதவடைத்துக்கொண்டோர் எத்தனை பேர்! முனியுமில்லை, மோகினியுமில்லை. வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்லும். ஒரு பாகை வெப்பம் ஏறினால் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் வேகம் கூடும். பகலில் தரையையொட்டிய காற்றே சூடானது. ஆதலின் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. இரவில் தரை குளிர, அதனையொட்டிய காற்றும் குளிர, வெம்மை மேலே நின்றுவிடுகிறது. ஒலி கீழ்நோக்கி வளைந்து நம் கூரைமீது இறங்குகிறது.

வீசும் காற்றின் வேலையும் இத்தகையதே. "காற்று ஓசையை அடித்து வருகிறது" என்பார்கள். நொடிக்கு 340 மீட்டர் ஓடும் ஒலியை 5 மீட்டர் நகரும் காற்றா அடித்து வரும்? தரையருகே தடைபட்டு மெல்லவும், உயரத்தில் விரைந்தும் வீசுவதனால், காற்றுப் போகும் பக்கம் ஒலி கீழே வளைகிறது. எதிர்ப்பக்கம் மேலே வளைகிறது. ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1857-லேயே இதனை விளக்கிவிட்டார்.

நிற்க. மேற்குக் கரை நெடுஞ்சாலையில் ஹுத்தான் மெலிந்தாங் முதல் தெலுக் இந்தான் வரையுள்ள பகுதி 2019-இல் திறக்கப்பட்டது. சாலையே வேண்டாமென்று சொல்ல நாம் பித்தரல்லோம். ஆனால் இக்கரையோரச் சமவெளியில் பகலில் மேற்கிலிருந்து கடற்காற்றும், இரவில் கிழக்கிலிருந்து நிலக்காற்றும் வீசுவதைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். அங்ஙனமிருக்க, பெருஞ்சாலைக்கு மேற்கே மனை பிரித்தால், உறங்கும் வேளையில் லோரியின் உறுமல் அவ்வீடுகளின் மேலேயே வளைந்து விழுமென்பது வரைபடக்காரருக்குத் தெரியாதா? "சற்றுத் தள்ளித்தானே இருக்கிறீர்கள்" என்று சமாதானம் வேறு! பெரட்டு மணி ஓரிடத்து ஓசை; தொலைவு இருமடங்கானால் 6 டெசிபல் குறையும். இடைவிடாது வண்டியோடும் சாலையோ நீண்ட கோடு. 3 டெசிபல்தான் குறையும். ஒரு வரிசை அலங்கார மரத்தை நட்டுவிட்டால் அதுவும் தடுத்துவிடாது. வண்டியைக் கண்ணுக்கு மறைக்கும் திண்ணிய சுவர் வேண்டும். காற்று நம் பக்கம் வீசும்போது அச்சுவரின் பயனும் குறையும்.

நகரத் தெருவின் கதை வேறு. ஈப்போ பழைய நகரத்து லோரோங் பங்லிமா போன்ற ஒடுங்கிய சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்து பார்க்கட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஓசை பந்துபோல் மோதி மோதித் திரும்பும், கலைந்து போக வழியிராது. கடைவீதியின் ஐந்தடி நடைபாதை மழைக்குக் குடை; ஓசைக்கு அன்று. எனினும் இடைவெளியற்ற கட்டட வரிசை தன் பின்புறத்துக்கு நிழல் தருகிறது. படுக்கையறையைப் பின்னே வைத்தால் ஏழைக்கும் தூக்கம் உண்டு. மலிவு வீடு கட்டுவோர் அதைத் தெருப்பக்கம் வைக்கின்றனர்!

துரைமாருக்கு இவ்வறிவு இல்லாமலில்லை. பங்களா ஆலைக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது, லயம் எவ்வளவு அருகில் இருந்தது என்பதைப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உறங்கும் அறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் ஓசை ஆகாதென்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்தது. அடுத்த மனைத்திட்டம் ஊராட்சி மன்றத்தின் மேசைக்கு வரும் நாளில், இரவுக்காற்று எப்பக்கம், படுக்கையறை எப்பக்கம் என்று கேட்க நம் சங்கங்கள் ஆளனுப்புமா? திருவிழாவுக்கு எத்தனை ஒலிபெருக்கி கட்டுவதென்று நள்ளிரவு வரை கூட்டம் போட்டுப் பேசத் தெரிந்த சங்கங்கள்தாமே அவை!