காந்தம் சீனாவிலிருந்து வரட்டும், அடித்தளத்தை நாமே செய்வோம்

வாகனத்தின் டேஷ்போட்டில் கைத்தொலைபேசியை நிறுத்தி வைக்கும் காந்த ஹோல்டர் இன்று மலையகத்தில் எந்தப் போன் கடையின் கண்ணாடி அலுமாரியிலும் இருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது, நாமும் விற்கிறோம். இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வியாபார நண்பர்கள் கேட்கக்கூடும். இந்தச் சிறிய பொருளை வாங்கி விற்பதை விட்டுவிட்டு, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் நாமே செய்து, நாமே வாகனத்தில் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

2015 இல் பிக்மீ கொழும்பில் வந்த நாள் தொட்டு சாரதிக்குப் போன் என்பது மீற்றரைப் போல வண்டியின் ஓர் உறுப்பாகிவிட்டது. நம் பகுதியிலும் ஹயர் வருவது போனில்தான். நானுஓயா ஸ்டேஷனில் இறங்கும் வெளிநாட்டவர் வழி கேட்பதில்லை, வரைபடத்தைத் திறந்து சாரதியிடம் நீட்டுகிறார். வாகனம் ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது சட்டப்படி குற்றம். எனவே ஹோல்டர் இனி அலங்காரப் பொருள் அல்ல, தொழில் கருவி. கருவி கேட்டு வருபவனுக்கு நாம் விளையாட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கடைக்குத் திரும்பி வந்த ஹோல்டர்களை ஒரு காட்போட் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர் வாங்கியதைத் திருப்பி எடுப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார், ஆகவே பெட்டி நிரம்பிக்கொண்டே போனது. ஒரு மழை நாளில் கடையில் வேலை செய்யும் தம்பியும் நானுமாக எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம். காந்தம் பழுதானவை மிகச் சில. அநேகமானவற்றில் அடியில் ஒட்டும் டேப் விட்டிருந்தது, அல்லது தலையைத் திருப்பும் உருண்டை மூட்டு தளர்ந்து போயிருந்தது. அதாவது சீனாவில் மட்டும் செய்யக்கூடிய பகுதி நன்றாகத்தான் இருக்கிறது, ஹட்டனில் எந்தத் தகர வேலைக்காரரும் செய்யக்கூடிய பகுதிதான் தோற்கிறது.

டேப் ஏன் விடுகிறது என்பது நம் காலநிலையோடு சம்பந்தப்பட்ட விஷயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் அங்கே 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்கும், புல்லில் உறைபனி பூக்கும். இரட்டைப் பக்க டேப்பின் பசை அந்தக் குளிரில் இளகிப் பரவாது, மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். டேஷ்போட்டிலோ சொரசொரப்பான பிளாஸ்டிக், அதன் மேல் பளபளப்புக்காகப் பூசிய எண்ணெய், அதற்கும் மேல் மூடுபனியின் ஈரம். அதே வாகனம் மதியம் கொழும்புக்கு இறங்கி, கண்ணாடி ஏற்றிய நிலையில் வெயிலில் நின்றால் முன் கண்ணாடிக்குக் கீழே 70 பாகை வரையில் சுடும். காலையில் விறைத்த பசை மாலையில் உருகும். இப்படி ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் காணும் வாகனத்துக்கென்று ஷென்சென் தொழிற்சாலையில் யாரும் ஹோல்டர் செய்வதில்லை.

மற்றது, பெட்டியில் அச்சடித்திருக்கும் கிலோக் கணக்கு. ஐந்து கிலோ தாங்கும், எட்டுக் கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதை நாமும் வாடிக்கையாளரிடம் அப்படியே ஒப்புவிக்கிறோம். தடித்த இரும்பில் ஒட்டிய காந்தத்தை நேராகப் பிடுங்குவதற்கு வேண்டிய பலம் அது. வண்டிக்குள் போனை யாரும் நேராகப் பிடுங்குவதில்லை, அது கீழ்நோக்கிச் சறுக்கத்தான் பார்க்கிறது. வழுவழுப்பான உலோகத்தில் சறுக்கலைத் தாங்கும் பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். இடையில் ஒரு தடித்த போன் கவர் வந்துவிட்டால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியின் வளைவில் போன் நழுவிக் காலடியில் விழுந்தால் சாரதி என்ன செய்வான்? குனிவான். அவன் குனியும் அந்த இரண்டு விநாடிக்குப் பக்கத்தில் பள்ளம் இருக்கிறது. ஹோல்டர் விற்றவனுக்கு அதில் பொறுப்பில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி செய்முறை. நமக்கு வேண்டியது நியோடிமியம் காந்தம். இதன் கதை வியாபாரிகள் அறிய வேண்டிய ஒன்று. ஜப்பானில் சகாவா என்ற பொறியியலாளர் புஜிட்சு கம்பனியில் இருந்தபோது இந்த யோசனையை வைத்திருந்தார், கம்பனி அக்கறை காட்டவில்லை. 1982 இல் விலகி சுமிட்டோமோவில் சேர்ந்து செய்து முடித்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸும் தனி வழியில் அதைக் கண்டது. இன்று உலகத்துக்கான உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு சீனாவின் கையில். பழைய கணினி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் உள்ளே இருப்பதும் இதுவே, முயன்று பார்க்க அது போதும். விரலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு துண்டுகள் பாய்ந்து ஒட்டும்போது தோலைக் கிழிக்கும், காந்தமும் பீங்கான் போல உடையும்.

ஒரு பெரிய காந்தத்தை விட நான்கு சிறிய காந்தங்கள் நல்லது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடித்த இரும்பு வில்லையில், வடக்கு தெற்கு மாறி மாறி வரும்படி நான்கையும் அரல்டைட்டால் ஒட்ட வேண்டும். போனின் பின்னால் ஒட்டும் தகடு மெல்லியது, ஒரே பெரிய காந்தத்தின் இழுப்பு முழுவதையும் அதனால் ஏற்க முடியாது. துருவங்களை மாற்றி வைத்தால் இழுப்பு வெளியே சிதறாமல் தகட்டுக்குள்ளேயே சுற்றும். முகப்பில் மெல்லிய ரப்பர் ஒட்ட வேண்டும், பழைய சைக்கிள் ட்யூப் தாராளமாகப் போதும். ரப்பரால் நேர்ப்பலம் கொஞ்சம் குறையும், ஆனால் சறுக்கல் நின்றுவிடும், நமக்கு வேண்டியது அதுவே. காந்தத்தின் ஓரங்களையும் பசையால் மூடிவிட வேண்டும். நிக்கல் பூச்சு சற்றுச் சிராய்ந்தாலும் நம் ஈரத்தில் உள்ளே துருப்பிடித்து மாவாக உதிரும்.

உருண்டை மூட்டு வேண்டாம் என்பேன். அசையும் உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு நாள் தளரும். இரண்டு மில்லிமீற்றர் அலுமினியப் பட்டியை வைஸில் பிடித்து, அந்த வாகனத்துக்கும் அந்தச் சாரதியின் உயரத்துக்கும் ஏற்ற கோணத்தில் வளைத்துவிட்டால் போதும். பட்டியின் அடி டேப்பில் நிற்கக்கூடாது. ரேடியோப் பலகைக்கும் டேஷ்போட்டுக்கும் இடையில் எல்லா வாகனத்திலும் ஓர் இடுக்கு உண்டு. பட்டியின் நுனியை மெல்லியதாகத் தட்டி, கம்பளித் துணி சுற்றி, அந்த இடுக்கில் செருகினால் இறுக்கமாக நிற்கும். வேண்டும்போது உருவி எடுக்கலாம், ஒரு கீறலும் இராது. முச்சக்கர வண்டியில் வேலை இன்னும் சுலபம். முன்புறத் தகரம் வெளியே தெரியும் வண்டிகளில் அடித்தளத்தையும் அகலமான காந்தமாகவே செய்து ரப்பர் போர்த்திவிடலாம். கதவில்லாத வண்டி அது, இரவில் சாரதி ஹோல்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான்.

கீறல் விழாமல் கழற்றக்கூடியது என்பதற்கு நம் நாட்டில் தனி மதிப்பு உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து வருடங்களில் பழைய ஆல்டோவும் வேகன் ஆரும் ஏறிய விலையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி வாங்கியவர் டேஷ்போட்டில் ஒரு பசைத் தழும்பைப் பார்த்தால் மனம் நோகிறார், விற்கும்போது வாங்க வந்தவர் அதைக் காட்டி விலை குறைக்கிறார். லீசிங் வாகனம் என்றால் சொல்லவே வேண்டாம்.

இலாபத்தைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, ஹோல்டர் ஒன்றை 500 ரூபாவுக்கு வாங்கி 900 ரூபாவுக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து விற்றால் 4,000 ரூபா இலாபம் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறோம். அதில் மூன்று திரும்பி வந்து பணத்தைக் கொடுத்தால் மிஞ்சுவது 1,300. கொடுக்காமல் விரட்டினால் 4,000 கையில் நிற்கும், மூன்று வாடிக்கையாளர் போய்விடுவார்கள். ஹட்டன் ஸ்டேண்டில் ஓடும் சாரதி ஒருவன் போனால் அவன் தனியாகப் போவதில்லை, ஸ்டேண்ட் முழுவதையும் கூட்டிக்கொண்டு போவான். செய்து பொருத்துவதில் மூலப்பொருளை விடக் கூலிதான் பெரிது. அந்தக் கூலி புறக்கோட்டைக்குப் போவதில்லை, நம் ஊர் டிங்கரிங் பாஸுக்கும், சீட் தைக்கும் கடைக்கும், தோட்டத்திலிருந்து வந்து நம் கடையில் நிற்கும் பையனுக்கும் போகிறது. அந்தப் பையனுக்குப் போன் கழற்றவும் பூட்டவும் கை நன்றாக வருகிறது. ஆனாலும் கொழும்புக் கடையில் நிற்கப் போகிறேன் என்கிறான். இங்கே அவனுக்கு நாம் பாக்கெட்டைப் பிரித்து நீட்டும் வேலையைத் தவிர வேறெதைக் கொடுத்தோம்?

கோடிக்கணக்கில் செய்யும் சீனாக்காரனோடு போட்டியா என்று கேட்பவர்கள் உண்டு. காந்தத்தில் போட்டி போடவே முடியாது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு வகை அரிய மூலகங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதியைக் கட்டாயமாக்கியபோது, அமெரிக்காவில் போர்ட் கம்பனியே மே மாதத்தில் சிக்காகோ தொழிற்சாலையை ஒரு வாரம் மூட நேர்ந்தது. நாம் வாங்கும் சாதாரண வில்லைக் காந்தம் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்ததல்ல, என்றாலும் கைவசம் ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை நாம் எல்லோரும் பட்டறிந்தவர்கள். ஒரு கிலோ காந்த வில்லை மேசை லாச்சிக்குள் அடங்கிவிடும், ஆயிரம் ஹோல்டர் பெட்டிகளுக்கு ஓர் அறை வேண்டும். சீனாக்காரனாலும் ஆன்லைன் கடையாலும் முடியாத காரியம் ஒன்றுண்டு. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து இடுக்கை அளந்து பார்க்க அவர்களால் முடியாது.

பொருத்துகிறவர் கவனிக்க வேண்டியவை சில. ஏர்பேக் மூடியின் மேலும் அதன் பாதையிலும் ஒருபோதும் வைக்கக்கூடாது. பை விரியும் வேகத்தில் ஹோல்டர் குண்டாகப் பாயும். சாரதியின் பார்வையை மறைக்கும் உயரமும் ஆகாது. சாதாரண தரக் காந்தம் 80 பாகைக்கு மேல் சூடேறினால் பலத்தை இழக்கும், ஆகையால் முன் கண்ணாடியை ஒட்டி மேலே வைக்க வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வாங்க வந்தால் விற்காமல் விடுங்கள். போன் கவருக்குள் ஏ.டீ.எம். அட்டை வைப்பவர்களிடம் அதன் கறுப்புப் பட்டி கெடும் என்று சொல்லிவிட வேண்டும். போனின் பின்னால் இரும்புத் தகடு ஒட்டினால் வயரில்லாமல் சார்ஜ் ஏறாது. 2020 இல் வந்த ஐபோன் 12 தொடங்கி உள்ளேயே காந்த வளையம் உள்ள போன்களுக்குத் தகடே தேவையில்லை. இவையெல்லாம் பணம் வாங்குவதற்கு முன் சொல்ல வேண்டியவை, பின்னால் சொன்னால் அது சாட்டு.

சோதிப்பதற்கு இயந்திரம் தேவையில்லை. ஹோல்டரைச் சுவரில் நிமிர்த்திப் பூட்டி, தகடு ஒட்டிய அரைக் கிலோ சீனிப் பக்கெட்டை அதில் தொங்கவிட்டு இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். போனின் பாரம் இருநூறு கிராம் சொச்சந்தான். காலையில் பக்கெட் நின்ற இடத்திலேயே நின்றால் கடைப் பெயரைப் பொறித்து, ஒரு வருட உத்தரவாதத்துடன் கொடுக்கலாம்.

வாகனத்துக்கு வாகனம் இடுக்கின் அகலமும் கோணமும் வேறு. ஒரு முறை அளந்ததைக் காட்போட்டில் வெட்டி, மொடல் பெயரை எழுதி ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். டிசம்பர் போயாவோடு பாவாதமலைப் பருவம் தொடங்கி மே மாதம் வரை மஸ்கெலியா, நல்லதண்ணி வீதியில் வாகனம் ஓயாது, நடுவில் நுவரெலியாவின் ஏப்ரல் சீசனும் வரும். அதற்குள் அட்டைகள் தயாராக வேண்டுமானால் முதலில் பஜாஜ் முச்சக்கர வண்டி, அடுத்து ஆல்டோ, வேகன் ஆர், பிறகு வேன்கள் என்ற வரிசையில் அளந்து வருவது வசதி. நவம்பரில் நம் கடைகளுக்கு ஆட்கள் வருவது குறைவு, அளக்கும் வேலைக்கு அந்த மாதம் தோது.