அரிசிக் கணக்கும் அழுத கண்ணும்

காலையில் பத்திரிகையைப் பிரிக்கிறோம். வியாபாரப் பக்கத்தில் அரிசி விலை இருக்கிறது. முதல் பக்கத்தில் மந்திரியின் பேச்சு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் கதையும் கவிதையும் உண்டு. ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை!

ஆனால் அடுப்படியில் உலை வைப்பவளுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. அரிசி விலை ஏறினால் அது அவளுக்குப் பொருளாதாரம். ரேஷன் கடையில் சரக்கு இல்லையென்றால் அரசியல். பிள்ளைக்குப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடந்தால் அதுதான் கதை. மூன்றும் ஒரே பானைக்குள் வேகின்றன.

நாட்டு நடப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை மறந்தால் என்ன ஆகும்? எழுத்து சுவையற்றுப் போகும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. மனிதர்கள் சாவார்கள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1943-ம் வருஷத்து வங்காளத்தை நினைத்துத்தான் சொல்கிறேன்.

பானையில் இருந்தது, கையில் இல்லை

1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரியின் கையில் சிக்கக்கூடாதென்று வங்காளக் கரையோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையெல்லாம் சர்க்கார் பறித்தது. மீனவன் கடலுக்குப் போவதெப்படி? அக்டோபரில் மேதினிபூர்ப் பக்கம் பெரும் புயல் அடித்தது. யுத்தச் செலவுக்கு நோட்டு அச்சாகிக்கொண்டே இருந்தது.

அந்த டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாய்க்குப் போயிற்று. வங்காளத்து மணங்கு என்பது சுமார் 37 கிலோ. கூலியாளின் கூலி அப்படி ஏறவில்லை. செத்தவர்கள் யார்? நிலமற்ற விவசாயக் கூலிகள், மீனவர், கைத்தொழிலாளர், நாவிதர். கல்கத்தாவில் யுத்தத் தொழிற்சாலைகளிலும் ஆபீஸ்களிலும் வேலை பார்த்தவர்களுக்குச் சலுகை விலையில் அரிசி கிடைத்தது, அவர்கள் பிழைத்தார்கள். அதே நகரத்தின் நடைபாதையில், அரிசி விளைவித்த கிராமத்தார் கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்தி விழுந்தார்கள்.

1945-ல் அறிக்கை தந்த விசாரணைக் கமிஷன், மாண்டவர் 15 லட்சம் பேர் என்றது. பின்னால் வந்த கணக்குகளில் சில 30 லட்சத்தையும் தாண்டுகின்றன.

அதிகாரிகள் கணக்குப் போடாமலா இருந்தார்கள்? போட்டார்கள். மாகாணத்தில் மொத்தம் எவ்வளவு தானியம் என்று பார்த்தார்கள். பெரிய பஞ்சம் வருமளவுக்குக் குறைவில்லை என்று இருந்துவிட்டார்கள். கூட்டல் பெரிதும் பிசகவில்லை. கேள்விதான் பிசகிற்று. “அரிசி இருக்கிறதா?” என்று கேட்டார்களேயொழிய, “அதை வாங்க யார் கையில் காசு இருக்கிறது?” என்று கேட்கவில்லை.

பெட்டியில் கிடந்த விதிகள்

இனி அரசியலுக்கு வருவோம். ‘பஞ்சம்’ என்று அறிவித்துவிட்டால் சர்க்காருக்குச் சில கடமைகள் வந்து சேரும். வேலை கொடுக்க வேண்டும், சோறு போட வேண்டும். அதற்கென்று பஞ்ச நிவாரண விதிகள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

அந்த விதிகள் எப்படிப் பிறந்தன? நம் பாட்டன்மார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லி நடுங்கினார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான், 1880-ல் கமிஷன் அறிக்கை தந்து, அதன் பேரில் விதிகள் வந்தன. நம்மவர் லட்சக்கணக்கில் மாண்டு பெற்ற பாடம் அது. 1943-ல் வங்காளத்தில் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை!

யுத்தகாலத் தணிக்கை வேறு. ஆனால் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையின் ஆசிரியர் இயான் ஸ்டீஃபன்ஸ், ஆகஸ்டு 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, தெருவில் கிடந்த மனிதர்களின் புகைப்படங்களைத் துணிந்து வெளியிட்டார். அதன் பிறகே டில்லியும் லண்டனும் விஷயத்தை மூடி மறைக்க முடியாமற் போயிற்று. விலைப்பட்டியல் செய்யாததைப் படங்கள் செய்தன.

ஓவியர்களும் சும்மா இருக்கவில்லை. ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாத் தெருக்களில் பசித்தவர்களை மையால் தீட்டினார். சித்தப்பிரசாத் மேதினிபூரில் ஊர் ஊராக நடந்து வரைந்தும் எழுதியும் புத்தகமாக்கினார். சர்க்கார் அதைப் பறிமுதல் செய்தது. சித்திரத்துக்கு அவ்வளவு பயம்! விபூதிபூஷண் பந்தோபாத்யாயா அந்தப் பஞ்சத்தையே நாவலாக்கினார். அதை 1973-ல் சத்யஜித் ராய் படமாக எடுத்தார்.

சிகரெட் டப்பாவும் பொருளாதாரமும்

அந்நாளில் சாந்திநிகேதனில் பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் இருந்தான். பசித்து வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிகரெட் டப்பா அளவு அரிசி கொடுக்கலாம் என்று அவனுக்கு வீட்டார் அனுமதி தந்திருந்தார்கள். அவன்தான் அமர்த்தியா சென்.

1981-ல் அவர் வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1943-ல் வங்காளத்துக்குக் கிடைத்த தானியம், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதமே குறைவு. பஞ்சமில்லாத 1941-ஐவிடச் சுமார் 13 சதவீதம் அதிகம் என்று காட்டினார். இந்தக் கணக்கை மறுக்கும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஆயினும் “யாருக்குக் கிடைக்கவில்லை?” என்ற அவருடைய கேள்வியை இன்று எவரும் தள்ளிவிட முடியாது. 1998-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டப்பாவில் அரிசி அளந்த கை எழுதிய பொருளாதாரம் அது!

“அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும், பொருளாதாரம் தெரிந்தவன் கதை பேசுவானேன், கதாசிரியன் பட்ஜெட் பேசுவானேன்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கணக்குத் தெரியாமல் கண்ணீர் வடிப்பவனால் ஒரு படி அரிசிகூட வந்து சேராது. புள்ளிவிவரத்தைத் தள்ளிவிட்டு உருக்கமாக எழுதுவது ஏமாற்று. ஆனால் மனிதனைத் தள்ளிவிட்டுப் புள்ளிவிவரம் மட்டும் எழுதுவதும் அதே ஏமாற்றுத்தான். கணக்கைக் கணக்காகவே போடுவோம். போட்ட பிறகு அது யார் வீட்டுக் கணக்கு என்று பார்ப்போம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாளைக்கே “விலைவாசி இத்தனை சதவீதம் ஏறிற்று” என்றோ “உற்பத்தி பெருகிற்று” என்றோ செய்தி வரும். வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு? யார் முடிவால்? யார் வீட்டில் உலை ஏறவில்லை? முதற் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற கட்டுரை மூன்றில் இரண்டு பங்கை மறைத்த கட்டுரை.

சராசரி என்பது நல்ல கணக்குத்தான். ஆனால் சராசரிக்குப் பசிப்பதில்லை, மனிதனுக்குத்தான் பசிக்கிறது.