கரி ஒரு அமைச்சகம், காத்து ஒரு அமைச்சகம்!

மீத்தேன்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு மன்னார்குடி தான் ஞாபகம் வரும். அங்கே சுரங்கம் கிடையாது, விளைநிலத்துல துளை போட வந்தாங்க, எதிர்த்தோம். சரிதான். நான் சொல்ல வர்றது வேற. ஏற்கெனவே ஆளுங்க உள்ளே இறங்கி நிலக்கரி வெட்டுற ஜாரியா மாதிரி இடங்களைப் பத்தி.

நிலக்கரிக்குள்ளேயே மீத்தேன் ஒட்டிக்கிட்டு இருக்கு. வெட்ட வெட்ட வெளியே வரும். காத்துல 5 முதல் 15 சதவீதம் கலந்தா ஒரு பொறி போதும். 2006 செப்டம்பர்ல தன்பாத் பக்கம் பட்டடிஹ் சுரங்க வெடிவிபத்துல சுமார் 50 தொழிலாளிங்க செத்தாங்க. இதைத் தடுக்க ராட்சச ஃபேன் வெச்சு வாயுவை வெளியே தள்றோம். 100 வருஷக் கணக்குல பார்த்தா, கார்பன் டை ஆக்சைடை விட 25 மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்குற சரக்கு அது. எரிபொருளைக் காசு கொடுத்து வானத்துல கொட்டுறோம். என்ன கொடுமை சார் இது?

சீனாவுல ஹுவாய்நான் சுரங்கங்கள்ல என்ன செய்றாங்க? அங்கே அடுக்கடுக்கா நிலக்கரி. வாயு கம்மியா இருக்கிற அடுக்கை முதல்ல வெட்டுறாங்க. அதனால பக்கத்து அடுக்குல அழுத்தம் குறைஞ்சு, விரிசல் விட்டு, இறுகிக் கிடந்த வாயு விடுபடுது. துளை போட்டு அதைக் குழாய்ல உறிஞ்சிட்டு, அப்புறம் தான் அந்த அடுக்குல கை வைக்கிறாங்க. கரியும் கிடைக்குது, கேஸும் கிடைக்குது.

நமக்குத் தெரியாத வித்தை இல்லை. ஜாரியாவுல மூனிடிஹ் சுரங்கத்துல ஐ.நா. உதவியோட வாயு எடுத்து, கரண்டே தயாரிச்சுக் காட்டினாங்க. பிரச்சனை பூமிக்கடியில இல்ல, டெல்லியில. நிலக்கரி ஒரு அமைச்சகம், அதே நிலக்கரிக்குள்ள இருக்கிற வாயு பெட்ரோலிய அமைச்சகம்! ஒரே ஃபைலை ரெண்டு டீம் லாக் பண்ணி வெச்ச கதை. கோல் இந்தியா தன் குத்தகை நிலத்துல வாயு எடுக்கத் தனி லைசென்ஸ் வேண்டாம்னு அறிவிப்பு வந்தது 2018 மே மாசம்.

"கேஸ் வித்தா கட்டுப்படியாகாது"ம்பாங்க. கேஸ் வித்து வர்ற காசு போனஸ் தாங்க. உள்ளே இறங்குறவன் உசுரோட மேல வர்றதுதான் முதல் வரவு.

"நிலக்கரியே வேண்டாம்"ம்பாங்க இன்னொரு பக்கம். நல்லது. ஆனா மூடின சுரங்கத்துல இருந்தும் மீத்தேன் கசியும்.

அதனால, அனுமதி கொடுத்தா மட்டும் போதாது. வாயு அதிகமுள்ள சுரங்கத்துல முதல்ல கேஸ், அப்புறம் கரி. மறுபேச்சே இருக்கக் கூடாது.

டிஸ்கி: "அப்ப டெல்டாவுலயும் தோண்டலாமா?"ன்னு கேக்குறவங்க முதல் பத்தியை இன்னொரு தடவை படிங்க :-)