எண்ணெய் கசிந்தால் தூக்கிப் போடுவதா?



விடுமுறைக்கு ஏற்காடு வரும் பிள்ளைகள் கையில் இப்போது ரிமோட்டில் ஓடும் 'கிராலர்' வண்டிகளைப் பார்க்கிறேன். பாறை மேல் மெதுவாக ஏறி இறங்கும் குட்டி ஜீப். காப்பித் தோட்டத்துப் பாதையில் நாலு நாள் ஓட்டினால் அதன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. உடனே பெற்றோர், "விடு, புது செட் ஆர்டர் போட்டுக்கலாம்" என்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பைக்கின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் மெக்கானிக் என்ன செய்கிறார்? ஆயில் சீலை மாற்றுகிறார். ஃபோர்க்கையே யாரும் தூக்கிப் போடுவதில்லை. பொம்மைக்கும் அதே நியாயம்தான்.

உள்ளே, துளை போட்ட சிறு பிஸ்டன் ஒன்று சிலிகான் எண்ணெயில் ஏறி இறங்குகிறது. துளை வழியே எண்ணெய் மெதுவாகத்தான் போகும். அதனால் ஸ்பிரிங் துள்ளாமல் அடங்குகிறது. எண்ணெய் குறைந்தால் வண்டி குதிக்கும், சரிவில் கவிழும்.

பெரும்பாலும் தண்டு வெளியே வரும் அடிப்பக்கத்தில்தான் கசியும். தண்டில் ஒட்டிய மண், உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைத் தேய்த்துவிடுகிறது. கழற்றி, எண்ணெயை வடித்துவிட்டு, தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் தட்டுப்பட்டால் தண்டையும் மாற்ற வேண்டும். இல்லையேல் புது ரிங்கும் தேயும். கீறல் இல்லையென்றால் ரிங் மட்டும் போதும். தண்டின் மரையில் ரிங் கிழியாதபடி எண்ணெய் தடவி மாட்டுங்கள். தண்டைக் குறடால் நேரடியாகப் பிடிக்காதீர்கள். சிலிகான் எண்ணெய் நிரப்பி, பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, குமிழி அடங்கிய பிறகு மூடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். வெயிலிலும் குளிரிலும் அதிகம் மாறாமல் இருப்பது சிலிகான் எண்ணெய்தான்.

"நேரம் எங்கே சார்?" என்பீர்கள். புது செட்டிலும் அதே மண் புகும், மறுபடி கசியும். ஆனால் ஏன் கசிந்தது என்று கண்ணால் பார்த்த பிள்ளை, ஓட்டி முடித்ததும் தண்டைத் துடைத்து வைக்கும். கெட்டுப்போனதைத் திறந்து பார்க்கும் துணிவு பாடப்புத்தகத்தால் மட்டும் வருவதில்லை.

அதனால் திருப்புளியை நீங்கள் பிடிக்காதீர்கள், பிள்ளையிடம் கொடுங்கள். எண்ணெய் கொட்டினால் திட்டாதீர்கள். கீழே ஒரு பழைய தட்டை மட்டும் வையுங்கள்.